மாடி பிரின்டருக்கு எஸ்.டி.டி. கோடா? சப்நெட் மாஸ்க்கைப் புரிந்துகொள்வோம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் நன்றாக வருகிறது. பிரின்டரும் நன்றாக இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த பிரின்டர் தெரியவே மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?" இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் பலரும் பார்க்காமல் விட்டுவிடும் ஒரு காரணத்தை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். அதைப் புரிந்துகொள்ள சப்நெட் மாஸ்க் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

எனக்கு இந்தப் பாடம் தஞ்சாவூரில் என் அக்கா வீட்டில் கிடைத்தது. தவறு செய்தவன் நானே என்பதால் நன்றாக நினைவில் இருக்கிறது!

அக்கா வீட்டில் நடந்தது

அக்கா வீட்டுக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ரூட்டருடன் அது வயர் மூலம் இணைக்கப்பட்டுள்ளது. மாடியில் அவர் மகனின் அறை. அங்கே வை-ஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று நான்தான் இரண்டாவதாக ஒரு ரூட்டர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். பிறகு அந்த அறையில் ஒரு வை-ஃபை பிரின்டரும் வந்தது. மாடி லேப்டாப்பில் இருந்து அச்சு அழகாக வந்தது. கூடத்துக் கம்ப்யூட்டரிலோ பிரின்டரின் பெயரே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து நான் போனபோது, கேள்வித்தாளை டைப் செய்து, பென் டிரைவில் போட்டு, அக்கா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி உள்ளவர். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்றுதான் ஏறினார். "என்னக்கா இது?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கார்டு போயிடுச்சாம் தம்பி. கடைப் பையன் வந்து பாத்துட்டு மாத்தணும்னு சொல்லிட்டான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. நெட்வொர்க் கார்டு கெட்டுப் போயிருந்தால் அதே கார்டு வழியாக இன்டர்நெட் எப்படி வரும்? உடனே உட்கார்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களின் எண்களையும் எடுத்துப் பார்த்தேன். கோளாறு அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரே வீட்டுக்குள் நான் இரண்டு ஊர்களை உருவாக்கி வைத்திருந்தேன்!

நீங்களும் பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரின் எண்களைப் பார்ப்பது எளிது. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ கிடைக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து மீண்டும் என்டர் தட்டவும். வரிசையாகப் பல தகவல்கள் வரும். நமக்கு வேண்டியவை மூன்றுதான்.

1. ஐ.பி.வி.4 அட்ரஸ்: உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி.
2. சப்நெட் மாஸ்க்: அந்த முகவரியை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று சொல்வது.
3. டீஃபால்ட் கேட்வே: வெளியே போகும் வாசல். வீடுகளில் பெரும்பாலும் ரூட்டரின் முகவரி.

கூடத்துக் கம்ப்யூட்டரில் முகவரி 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று இருந்தன. மாடி லேப்டாப்பில் முகவரி 192.168.0.100, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.0.1. பிரின்டரின் சிறிய திரையில் அதன் முகவரி 192.168.0.101 என்று இருந்தது.

மூன்றாவது எண்ணைக் கவனித்தீர்களா? கீழே 1, மேலே 0. கோளாறு முழுவதும் அதில்தான் இருந்தது.

எஸ்.டி.டி. கோடு தெரியும் அல்லவா?

வீட்டுத் தொலைபேசி எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு கோடு 044. ஊருக்குள் எண் எட்டு இலக்கம். மதுரைக்கு 0452. அங்கே எண் ஏழு இலக்கம். தஞ்சாவூருக்கு 04362. எண் ஆறு இலக்கம். முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் கோடும் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம்தான் வரும். பெரிய ஊருக்குக் கோடு சிறியது, உள்ளூர் எண்ணுக்கு இடம் அதிகம். சிறிய ஊருக்குக் கோடு நீளம், எண்ணுக்கு இடம் குறைவு.

ஐ.பி. முகவரியும் இப்படித்தான். அதன் முதல் பகுதி ஊர், அதாவது நெட்வொர்க். மீதிப் பகுதி அந்த ஊருக்குள் இருக்கும் ஒரு சாதனம். கோடு எங்கே முடிகிறது, எண் எங்கே தொடங்குகிறது என்பது முகவரியை மட்டும் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க்.

உள்ளூர்க்காரருடன் பேச எஸ்.டி.டி. கோடு வேண்டாம். வெளியூர் என்றால் பூஜ்ஜியம் போட்டு வெளியே வர வேண்டும். நெட்வொர்க்கில் அந்தப் பூஜ்ஜியத்தின் வேலையைச் செய்வது கேட்வே. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு தகவலை அனுப்பும் முன் தன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது. "இந்த முகவரி என் ஊரா, வெளியூரா?" உள்ளூர் என்றால் நேராக அனுப்பும். வெளியூர் என்றால் கேட்வேயிடம் கொடுத்துவிடும். சப்நெட் மாஸ்க் என்பதே இந்தக் கேள்விக்கு விடை காணத்தான்.

மாஸ்க் எப்படிக் கணக்கிடுகிறது?

ஐ.பி.வி.4 முகவரி என்பது 32 பிட்கள் கொண்டது. எட்டு எட்டாகப் பிரித்து நான்கு எண்களாக எழுதுகிறோம். எட்டு பிட்களில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும் என்பதால்தான் எந்த எண்ணும் 255-ஐத் தாண்டுவதில்லை.

எட்டு பிட்களுக்கும் இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு உண்டு. 192 என்றால் 128-ம் 64-ம் சேர்ந்தது. எனவே அது 11000000. 168 என்றால் 128, 32, 8. எனவே 10101000. எட்டும் 1 ஆக இருந்தால் கூட்டுத்தொகை 255.

மாஸ்க்கில் 1 உள்ள இடமெல்லாம் ஊர்ப் பகுதி. 0 உள்ள இடமெல்லாம் சாதனத்தின் எண். 255.255.255.0 என்ற மாஸ்க்கில் முதல் 24 பிட்கள் 1, கடைசி 8 பிட்கள் 0. எனவே முதல் மூன்று எண்கள் ஊர், கடைசி எண் மட்டும் சாதனம். இதையே சுருக்கமாக 192.168.1.0/24 என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். 24 என்பது ஊர்ப் பகுதியில் உள்ள பிட்களின் எண்ணிக்கை.

இப்போது அக்கா வீட்டுக் கணக்கைப் போடலாம்.

கூடத்துக் கம்ப்யூட்டர் 192.168.1.10. மாஸ்க் போட்டால் ஊர் 192.168.1.0.
மாடி பிரின்டர் 192.168.0.101. அதே மாஸ்க் போட்டால் ஊர் 192.168.0.0.

இரண்டும் வெவ்வேறு ஊர்! எனவே கூடத்துக் கம்ப்யூட்டர் பிரின்டரை நேராகக் கூப்பிடவில்லை. வெளியூர் என்று நினைத்து கேட்வேயிடம், அதாவது கீழே இருந்த ரூட்டரிடம் கொடுத்தது. அந்த ரூட்டருக்கு மாடியில் இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தகவல் பிரின்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. பத்துப் படி மேலே இருந்த பிரின்டர் எட்டாத ஊருக்குப் போய்விட்டது!

பிரின்டரின் பெயர் பட்டியலில் வராததற்கும் இதுவே காரணம். "இங்கே பிரின்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கம்ப்யூட்டர் தன் ஊருக்குள் மட்டும்தான் குரல் கொடுக்கும். ரூட்டர்கள் வழக்கமாக அந்தக் குரலை அடுத்த ஊருக்குக் கடத்துவதில்லை.

சரி, இன்டர்நெட் மட்டும் இரண்டு இடத்திலும் எப்படி வந்தது? இணைய தளங்கள் எல்லாமே வெளியூர்தான். எனவே கம்ப்யூட்டர் கேட்வேயிடம் கொடுக்கிறது, கேட்வே வெளியே அனுப்புகிறது. அதில் குழப்பமே இல்லை. இன்டர்நெட் ஒழுங்காக வந்ததால்தான் நெட்வொர்க்கில் தவறு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைப் பையன் கார்டைக் குறை சொன்னதும் அதனால்தான்.

எப்படிச் சரி செய்தேன்?

மாடி ரூட்டரைப் பொருத்தியபோது கீழிருந்து வந்த வயரை அதன் வான் போர்ட்டில் செருகியிருந்தேன். அப்படிச் செருகினால் அந்த ரூட்டர் தனக்குப் பின்னால் தனி ஊர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். எனக்கு வேண்டியது அதே ஊரை மாடி வரை நீட்டுவதுதான். உங்கள் வீட்டிலும் இரண்டு ரூட்டர்கள் இருந்தால் இவ்வாறு செய்யலாம்.

முதலில் இரண்டாவது ரூட்டரின் செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்ற வேலைகளை ரூட்டரே பார்த்துக்கொள்ளும். அக்கா வீட்டு ரூட்டரில் அந்த வசதி இல்லை. எனவே கையால் செய்தேன்.

1. வான் போர்ட்டில் இருந்த வயரைக் கழற்றினேன்.
2. லேப்டாப்பை மாடி ரூட்டருடன் மட்டும் இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 என்று டைப் செய்து செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன்.
3. ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழே உள்ள ரூட்டர் 192.168.1.1 என்பதால் அதே எண்ணை இதற்குத் தரக் கூடாது.
4. ரூட்டர் மறுபடி இயங்கியதும் 192.168.1.2 என்ற புதிய முகவரியில் உள்ளே நுழைந்து, டி.எச்.சி.பி. என்ற வசதியை நிறுத்தினேன். சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலை இது. ஓர் ஊருக்கு ஒருவர் வழங்கினால் போதும். இருவர் வழங்கினால் குழப்பம்தான்.
5. கழற்றிய வயரை லான் போர்ட்களில் ஒன்றில் செருகினேன்.
6. லேப்டாப்பையும் பிரின்டரையும் அணைத்துப் போட்டேன். இரண்டுக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் கிடைத்தன.

ஓர் எச்சரிக்கை. இரண்டாவது ரூட்டருக்கு நீங்கள் தரும் எண்ணை முதல் ரூட்டர் வேறு யாருக்கும் வழங்கிவிடக் கூடாது. எனவே முதல் ரூட்டரின் டி.எச்.சி.பி. எல்லையை 192.168.1.20 முதல் 192.168.1.200 வரை என்று மாற்றி வைத்தேன். மாற்றங்கள் செய்யும் முன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கூடத்துக் கம்ப்யூட்டரில் அதே கறுப்பு விண்டோவில் பி, ஐ, என், ஜி என்ற எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, பிரின்டரின் புதிய முகவரியைக் கொடுத்து என்டர் தட்டினேன். முன்பு நான்கு முறையும் பதில் வரவில்லை. இப்போது நான்கு முறையும் பதில் வந்தது. ஆட் பிரின்டர் க்ளிக் செய்ததும் பெயரும் வந்தது. கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுத்தோம். மாடியில் பிரின்டர் ஓடும் சத்தம் கீழே கேட்டது. "இவ்வளவுதானா தம்பி? மூணு மாசமா ஏறி எறங்கினேனே!" என்றார் அக்கா. வயரைத் தவறான ஓட்டையில் செருகியவன் நானே என்று அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சப்நெட் ஏன் வந்தது?

1981 செப்டம்பரில் ஐ.பி.வி.4 வரையறுக்கப்பட்டபோது மாஸ்க் என்பதே இல்லை. முகவரிகள் மூன்று முக்கியப் பிரிவுகளாக இருந்தன. ஏ பிரிவில் ஒரு நெட்வொர்க்குக்கு 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். பி பிரிவில் 65,534. சி பிரிவில் 254. உங்கள் நிறுவனத்தில் 300 கம்ப்யூட்டர்கள் இருந்தால் சி போதாது. பி வாங்கினால் 65,000-க்கு மேல் வீணாகும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 என்று தொடங்கும் ஏ பிரிவு நெட்வொர்க் முழுவதையும் வைத்திருந்தது!

ஒரே வளாகத்தில் பல சிறு நெட்வொர்க்குகள் பெருகியபோது, கிடைத்த ஒரு பெரிய எண்ணை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ள வழி தேவைப்பட்டது. 1984 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகுல் இதைப் பற்றி ஓர் ஆவணம் எழுதினார். 1985 ஆகஸ்டில் அவரும் ஜான் போஸ்டலும் சேர்ந்து சப்நெட் முறையை வரையறுத்தனர். 1993-ல் ஏ, பி, சி பிரிவுகளையே கைவிட்டு, சாய்கோடு போட்டு எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளும் முறை வந்தது. ஸ்டான்ஃபோர்ட் தன் 36-ஐ 2000-ல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

உலகம் முழுவதற்கும் இருப்பது சுமார் 429 கோடி ஐ.பி.வி.4 முகவரிகள்தான். அவற்றின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்தது. அதற்கு முன்பே, 1994-ல், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் வீட்டு எண் 192.168 என்று தொடங்குவதும், என் வீட்டிலும் அதே எண் இருப்பதும் இதனால்தான்.

பிரிக்கும் கணக்கு

கடைசி எண்ணில் 0-க்குப் பதில் வேறு எண் வந்தால் என்ன பொருள்? 256-லிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். வரும் விடைதான் ஒவ்வொரு துண்டின் அளவு. மாஸ்க் 255.255.255.192 என்றால் 256 - 192 = 64. எனவே துண்டுகள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்கும். ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் அந்த நெட்வொர்க்கின் பெயர். கடைசி எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் அறிவிப்புக்கு உரியது. இரண்டையும் சாதனங்களுக்குத் தர முடியாது. மீதி 62.

255.255.255.0 அல்லது /24: 1 துண்டு, 254 சாதனங்கள்
255.255.255.128 அல்லது /25: 2 துண்டுகள், தலா 126
255.255.255.192 அல்லது /26: 4 துண்டுகள், தலா 62
255.255.255.224 அல்லது /27: 8 துண்டுகள், தலா 30
255.255.255.240 அல்லது /28: 16 துண்டுகள், தலா 14

ஒரு சிறு பயிற்சி. 192.168.1.60, 192.168.1.70 ஆகிய இரண்டும் ஒரே ஊரா? மாஸ்க் 255.255.255.128 என்றால் இரண்டும் 0 முதல் 127 வரையிலான துண்டில் இருக்கின்றன. ஒரே ஊர். மாஸ்க் 255.255.255.192 என்றால் 60 முதல் துண்டில், 70 இரண்டாவது துண்டில். வெவ்வேறு ஊர். முகவரிகள் மாறவில்லை. மாஸ்க் மட்டும்தான் மாறியது!

பிரிப்பதும் நல்லதுதான்

நான் தெரியாமல் பிரித்ததால்தான் தொல்லை. தெரிந்து பிரித்தால் நன்மை. டியூஷன் பிள்ளைகள் சிலர் வை-ஃபை பாஸ்வேர்ட் கேட்பதாகவும், கொடுக்கத் தயக்கமாக இருப்பதாகவும் அக்கா சொன்னார். கீழே உள்ள ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தது. அதை இயக்கியதும் பிள்ளைகளின் போன்களுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரிகள் கிடைத்தன. இன்டர்நெட் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரின்டரும் தெரியாது. அலுவலகங்களில் கணக்குப் பிரிவையும் வருகையாளர்களையும் பிரித்து வைப்பதும் இதே முறையில்தான்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மாஸ்க் என்பது பூட்டு அல்ல. அது ஊர் எல்லையைக் காட்டும் கல் மட்டுமே. எல்லையைத் தாண்டாமல் உண்மையில் தடுப்பது ரூட்டரில் உள்ள தடுப்பு விதிகள்தான். எனவே மாஸ்க்கை மாற்றிவிட்டோம், இனிப் பாதுகாப்பு என்று இருந்துவிடக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

ஒரு சாதனம் இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் இரண்டின் முகவரியையும் மாஸ்க்கையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வயரையும் வை-ஃபையையும் சரி பாருங்கள். எழுத்துகளும் எண்களும் கலந்த நீளமான ஐ.பி.வி.6 முகவரியும் திரையில் வரலாம். இந்தச் சோதனைக்கு அது வேண்டாம்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பிறகு கார்டை மாற்றலாமா, பிரின்டரை மாற்றலாமா என்று யோசியுங்கள். அக்கா கார்டு வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் இரண்டு மாதத்துக்கு வேண்டிய பேப்பர் வாங்கினார். அச்சான தாள்களை எடுத்து வர இப்போது மாடி ஏறுவது அவர் மகன்தான்!